இருந்துவிட்டு வருவது: ‘ரெசிடென்சி’ என்ற சொல்லின் கதை

நண்பரின் மகளுக்கு ஜெர்மனியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. கும்பகோணத்துப் பெண், ஓவியம் படித்தவள். மூன்று மாதம் தங்க இடம், வரைய ஒரு பெரிய அறை, மாதச் செலவுக்குப் பணம், போக வர விமான டிக்கெட் எல்லாம் தருகிறோம் என்று எழுதியிருந்தார்கள். அதை அவள் அம்மாவுக்குத் தமிழில் படித்துச் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. நாலாவது வரியில் ‘ரெசிடென்சி’ என்று இருந்தது. அங்கே நின்றுவிட்டேன்.

“ஏண்ணே, அங்க போயி இவ என்ன வேல பாக்கணும்?”

“வேலைன்னு ஒண்ணும் இல்லம்மா. மூணு மாசம் அங்க இருக்கணும். தோணுறத வரையணும். அவ்வளவுதான்.”

“சும்மா இருக்கறதுக்கா பிளேன் டிக்கெட் குடுத்துக் கூப்புடுறாங்க?”

பதில் தெரியாமல் காபியை எடுத்துக் குடித்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் அகராதிகளைப் புரட்டினேன். அந்த அம்மாள் கேட்டதுதான் சொல்லின் நேரான பொருள் என்பது அப்போது தெரிந்தது.

உட்கார்ந்தவர்

‘ரெசிடென்ஸ்’, ‘ரெசிடென்ட்’, ‘ரெசிடென்சி’ எல்லாம் லத்தீனின் ‘ரெசிடேரே’ என்ற வினையிலிருந்து வந்தவை. ‘செடேரே’ என்றால் உட்கார்வது. முன்னால் ‘ரெ’ சேர்ந்தால் எழுந்து போகாமல் உட்கார்ந்தே இருப்பது, தங்கிவிடுவது. முன்னால் உட்கார்ந்தவர் ‘பிரசிடென்ட்’. பாத்திரத்தின் அடியில் உட்கார்ந்துவிட்ட கசடு ‘ரெசிட்யூ’. ஆற்றடியில் உட்கார்ந்த வண்டல் ‘செடிமென்ட்’. எல்லாம் ஒரே குடும்பம்.

வடமொழியில் இதற்கு உறவான வேர் ‘சத்’. குருவின் அருகே கீழே அமர்வதைச் சொல்லும் ‘உபநிடதம்’, சுற்றி அமர்ந்தோர் கூட்டமான ‘பரிஷத்’ இரண்டும் அதிலிருந்து வந்தவை. பறவை வந்து அமரும் கூட்டைச் சொல்லும் ‘நீடம்’ என்ற சொல்லும், அதே பொருளில் ஆங்கிலத்தில் உள்ள ‘நெஸ்ட்’டும் இந்த வேரின் பேரப் பிள்ளைகள்தாம். ரெசிடென்சிக்குப் போகிற கலைஞரும் கூடு தேடிப் போகிற பறவையும் சொல்லளவில் ஒன்றுவிட்ட சொந்தம்.

தமிழில் இதற்கு வேர் தேடி அலைய வேண்டியதில்லை. ‘இரு’ என்ற ஒரே வினை உட்கார்வது, உயிரோடு உள்ளது, ஓரிடத்தில் குடியிருப்பது மூன்றையும் சொல்லிவிடும். “இருங்க, காபி கொண்டு வரேன்” என்றால் உட்காருங்கள். “இப்ப எங்க இருக்கீங்க?” என்றால் எந்த ஊரில் வாசம். ‘இருக்கை’ என்ற சொல்லுக்குப் பழைய இலக்கியத்தில் ஆசனம் என்றும் பொருள், வாழும் இடம் என்றும் பொருள். பல்கலைக்கழகங்களில் ‘தமிழ் இருக்கை’ என்று நாம் சொல்லும்போது பழைய பொருளில் ஒன்று திரும்பவும் எழுந்து உட்கார்கிறது. ஆக, “மூணு மாசம் அங்க இருக்கணும்” என்று நான் வாய்க்கு வந்ததைச் சொன்னது சொல்லுக்குச் சொல் சரியான மொழிபெயர்ப்பு.

ஆனால் உட்கார்வது எப்போதும் சாதுவான காரியம் அல்ல. யார் வீட்டுத் திண்ணையில், யார் அழைத்து, யார் உட்கார்கிறார் என்று ஒன்று இருக்கிறதே.

ரெசிடென்ட் துரை

இந்தச் சொல் தென்னாட்டுக்குள் கலைஞரின் கையைப் பிடித்துக்கொண்டு வரவில்லை. கிழக்கிந்தியக் கம்பெனியின் துரையோடு வந்தது. சமஸ்தானத்து அரசரின் அவைக்குக் கம்பெனி அனுப்பிவைத்த பிரதிநிதிக்கு ‘ரெசிடென்ட்’ என்று பெயர். அவர் வாழ்ந்த மாளிகை ‘ரெசிடென்சி’. பெங்களூரிலும் ஸ்ரீநகரிலும் இன்றும் ரெசிடென்சி ரோடு இருக்கிறது. கொச்சியில் டச்சுக்காரர்கள் 1744-இல் கட்டிய போல்காட்டி அரண்மனை பிற்பாடு ஆங்கிலேய ரெசிடென்டின் வீடானது. 1808 டிசம்பரில் தலக்குளத்துக்காரரான திருவிதாங்கூர்த் தளவாய் வேலுத்தம்பியின் ஆட்கள் அங்கே புகுந்து மெக்காலே என்ற ரெசிடென்டைத் தேடினார்கள், அவர் தப்பிவிட்டார். திருவிதாங்கூர்க்காரர்களுக்கு அந்தச் சொல் எவ்வளவு கசந்திருந்தது என்பதற்கு இந்த ஓர் இரவு போதும்.

ரெசிடென்டின் வேலை என்ன? உட்கார்ந்திருப்பது. பார்ப்பது. எழுதி அனுப்புவது. அரசர் யாரைச் சந்தித்தார், கஜானாவில் என்ன இருக்கிறது, அடுத்த வாரிசு யார் என்றெல்லாம் கடிதங்கள் போய்க்கொண்டே இருக்கும்.

தஞ்சாவூரில் இதன் இன்னொரு பக்கத்தைப் பார்க்கலாம். 1799 உடன்படிக்கையில் இரண்டாம் சரபோஜி நாட்டின் நிர்வாகத்தைக் கம்பெனியிடம் விட்டார். அவருக்கு மிஞ்சியது தஞ்சைக் கோட்டையும், ஆண்டுக்கு ஒரு லட்சம் வராகனும், நிலவரியில் ஐந்தில் ஒரு பங்கும். அப்புறம் அவர் செய்தது, ஆளும் வேலை கையைவிட்டுப் போன ஒரு மனிதர் செய்த வேலை: சரஸ்வதி மகாலைப் பெரிய நூலகமாக வளர்த்தார், சுவடிகளையும் ஐரோப்பிய நூல்களையும் வாங்கிக் குவித்தார், ஓவியர்களை வைத்துச் செடிகொடிகளையும் பறவைகளையும் வரையச் செய்தார். தங்க இடம், மாதப்படி, மேலே ஒரு கண்காணிப்பு, கை நிறைய நேரம். கசப்பை மறந்துவிட்டுப் பார்த்தால், இன்றைய ரெசிடென்சித் திட்டம் எதிலும் காணக்கூடிய உறுப்புகள் இவை. பெயர் மட்டும் இடம் மாறியிருக்கிறது. அன்று கண்காணித்தவர் ரெசிடென்ட். படைத்தவர் பென்ஷன் வாங்கியவர்.

பென்ஷன்காரர்

இந்தப் ‘பென்ஷன்’ என்ற சொல்லைத்தான் ஐரோப்பா முதலில் கலைஞர்களுக்குச் சூட்டியது.

1666-இல் பதினான்காம் லூயியின் அமைச்சர் கோல்பேர் ரோம் நகரில் பிரெஞ்சுக் கலைக்கழகம் ஒன்றை நிறுவினார். விதிப்படி 12 இளைஞர்கள்: ஓவியர் 6, சிற்பிகள் 4, கட்டடக் கலைஞர் 2. உணவும் உறைவிடமும் அரசர் செலவு. அவர்களுக்கு ‘பான்சியோனேர்’ என்று பெயர். இன்றைக்கும் அதே பெயர்தான். லத்தீனில் ‘பென்டேரே’ என்றால் தராசில் தொங்கவிட்டு நிறுப்பது. காசு என்பது எடைபோட்டுக் கொடுத்த உலோகமாக இருந்த காலத்து வினை. நிறுத்துக் கொடுத்தது ‘பென்சியோ’. அது பிரெஞ்சுக்குப் போய், சாப்பாட்டோடு தங்கக் கொடுக்கும் பணம் என்றாகி, அப்படித் தங்கும் வீட்டுக்கும் பெயரானது. புதுச்சேரியில் ‘பான்சியோனா’ என்ற பெயரைத் தாங்கிய பெண்கள் பள்ளி இருப்பது இந்த வழியில்தான். அதே ஊரில் பிரெஞ்சு ராணுவத்திலிருந்து ஓய்வுபெற்ற ‘சொல்தா’க்கள் மாதாமாதம் வாங்குவதும் அதே சொல். ஒன்று சிறுமிகளுக்கு, ஒன்று கிழவர்களுக்கு. நம் காதில் கிழவர்களின் பொருள் மட்டும் தங்கிவிட்டதால், இருபது வயதில் ரோமுக்குப் போன ஓவியனை ‘பென்ஷன்காரர்’ என்றால் சிரிப்பு வருகிறது.

சிரிக்க முடியாதது அதன் நிபந்தனை. ரோமில் உள்ள பழைய சிற்பங்களையும் ஓவியங்களையும் அவர்கள் அரசருக்காகப் படியெடுக்க வேண்டும்; அங்கே இருக்கும்வரை மாட்சிமை தங்கிய மன்னரைத் தவிர வேறு யாருக்கும் வேலை செய்யக் கூடாது. நிறுத்துக் கொடுத்தவன் நிறுத்து வாங்கிக்கொண்டான். 1803-இல் நெப்போலியன் காலத்தில் கலைக்கழகம் மெடிச்சி மாளிகைக்கு மாறியது. இசையமைப்பாளர்களும் வரத் தொடங்கினார்கள். ஒவ்வொருவரும் ஆண்டுதோறும் பாரிசுக்கு ஒரு படைப்பை அனுப்ப வேண்டும். அதற்கு ‘ஆன்வுவா’, அதாவது ‘அனுப்புகை’ என்று பெயர். 1884-இல், அங்கே தங்க வாய்ப்புத் தரும் ‘ரோம் பரிசு’ என்ற போட்டியில் வென்று போன இசையமைப்பாளர் டெபுஸ்ஸிக்கு அந்த மாளிகை ஒத்துக்கொள்ளவில்லை. 1887-இல் அவர் அனுப்பிய ‘வசந்தம்’ என்ற இசைப்படைப்பைப் பார்த்த பாரிஸ் பெரியவர்கள், தெளிவற்ற ‘இம்ப்ரெஷனிசம்’ என்ற பழக்கத்திலிருந்து இவர் விலக வேண்டும் என்று குறிப்பெழுதினார்கள். எதற்காக உலகம் பின்னால் அவரைக் கொண்டாடியதோ அதையே கண்டித்துவிட்டார்கள். 1968-இல் மால்ரோ அமைச்சராக இருந்தபோது ரோம் பரிசுப் போட்டியே ஒழிந்தது. மாளிகை இருக்கிறது, பான்சியோனேர்கள் இருக்கிறார்கள், ‘மெடிச்சி’ என்ற ஒரு கார்டினலின் குடும்பப் பெயரும் வாசலில் அப்படியே இருக்கிறது.

கொடுத்தவர் பெயரே இடத்துக்கும் பெயராவது இந்தத் துறையின் வழக்கம். விதிவிலக்காக இரண்டு நினைவுக்கு வருகின்றன. நியூயார்க் மாநிலத்தில் சரடோகா ஸ்பிரிங்ஸ் அருகே ‘யாடோ’. அகராதியில் அந்தச் சொல் கிடையாது. அங்கே பண்ணை வைத்திருந்த டிராஸ்க் தம்பதியின் சின்னப் பெண், நிழலைக் குறிக்கும் ‘ஷாடோ’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு எதுகையாக, தானே உண்டாக்கிச் சொன்ன பெயர் அது. அந்தத் தம்பதி நான்கு குழந்தைகளையும் பறிகொடுத்தார்கள். பண்ணையைக் கலைஞர்களுக்கு எழுதிவைத்தார்கள். 1926-இல் முதல் விருந்தினர்கள் வந்தார்கள்.

மற்றொன்று ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் அருகே ‘சொலிட்யூட்’. பெயரே தனிமை. கார்ல் ஆய்கன் என்ற கோமகன் 1763-க்கும் 1769-க்கும் இடையில் கட்டிய மாளிகை. தனிமைக்கென்று கட்டிய இடத்தில் அவர் ஒரு பள்ளியை நடத்தி, ஷில்லர் என்ற சிறுவனைக் கட்டாயப்படுத்திச் சேர்த்தார். பையன் வளர்ந்து நாடகம் எழுதியபோது எழுதக் கூடாதென்று தடை போட்டார். 1782-இல் ஷில்லர் அந்த நாட்டைவிட்டே ஓடினார். அதே மாளிகை வளாகத்தில் 1990-இலிருந்து உலகக் கலைஞர்கள் அழைக்கப்பட்டு வந்து தங்குகிறார்கள்.

காலனி

ரோமில் பான்சியோனேர் என்றால், அமெரிக்காவில் இதற்கு முதலில் வைத்த பெயர் ‘காலனி’.

நியூ ஹாம்ப்ஷயரில் பீட்டர்பரோ என்ற சிற்றூர். அங்கே எட்வர்டு மெக்டவல் என்ற இசையமைப்பாளரும் பியானோ கலைஞரான அவர் மனைவி மரியனும் 1907-இல் தங்கள் பண்ணையைக் கலைஞர்களுக்குத் திறந்தார்கள். அடுத்த ஆண்டே எட்வர்டு இறந்துவிட்டார். மரியன் ஊர் ஊராகப் போய்க் கச்சேரி செய்து பணம் சேர்த்து நடத்தினார். காட்டுக்குள் ஒன்றையொன்று பார்க்க முடியாதபடி சின்னச் சின்னக் குடில்கள். மதியச் சாப்பாட்டுக் கூடையைக் கதவைத் தட்டாமல் வாசலில் வைத்துவிட்டுப் போவார்கள். தங்கியவர் புறப்படும்போது குடிலில் தொங்கும் மரப்பலகையில் பெயரையும் தேதியையும் எழுதிவிட்டுப் போக வேண்டும். அந்தப் பலகைகளுக்கு அங்கே வழங்கும் பெயர் ‘கல்லறைக் கல்’! தார்ன்டன் வைல்டர், ஜேம்ஸ் பால்டுவின், லியனார்டு பெர்ன்ஸ்டைன் எல்லோரும் அங்கே தங்கியவர்கள்.

2020 ஜூலையில் நிர்வாகக் குழு கூடி ‘மெக்டவல் காலனி’ என்ற பெயரிலிருந்து ‘காலனி’யை எடுத்துவிட்டது. அடக்குமுறையின் வாடை அடிக்கிறது, யாரோ சிலருக்கு மட்டுமான வளாகம் போல ஒலிக்கிறது என்பது காரணம்.

சொல்லின் பிறப்பில் அந்த வாடை கிடையாது. லத்தீனில் ‘கொலெரே’ என்றால் உழுவது, பேணுவது. ‘கல்ச்சர்’ என்ற சொல்லும் அதன் குழந்தை. உழுபவன் ‘கொலோனுஸ்’. போர் முடிந்த ரோமானியச் சிப்பாய்களுக்குப் பிடித்த நாட்டில் நிலம் கொடுத்துக் குடியேற்றிய ஊர் ‘கொலோனியா’. ஜெர்மனியின் கொலோன் நகரத்தின் பெயர் அந்தச் சொல்லேதான். ‘பிடித்த நாட்டில்’ என்ற இரண்டு சொற்களில்தான் விஷம் ஏறியது. உழுகிறவன் புதியவன், உழப்பட்ட நிலத்துக்குப் பழைய சொந்தக்காரன் எங்கே போனான்?

தமிழ்நாட்டு வாசகருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நகரத்தில் டீச்சர்ஸ் காலனி, பேங்க் காலனி என்றால் ஒரு பொருள். கிராமத்தில் ‘ஊர்’, ‘காலனி’ என்று பிரித்துச் சொன்னால் முற்றிலும் வேறு பொருள். ‘காலனி ஆளா?’ என்ற கேள்வி முகவரிக்காகக் கேட்கப்படுவதில்லை. 2025 ஏப்ரலில் சட்டப்பேரவையில் முதலமைச்சர், அந்தச் சொல் தீண்டாமையின் குறியீடாகவும் வசையாகவும் மாறிவிட்டதால் அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்கப்படும் என்று அறிவித்தார். நியூ ஹாம்ப்ஷயர்க் காட்டில் ஒருமுறை, சென்னைப் பேரவையில் ஒருமுறை. ஐந்தாண்டு இடைவெளியில் இரண்டு வெவ்வேறு காயங்களுக்காக ஒரே சொல் கீழே இறக்கப்பட்டது.

ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் 1966-இல் சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் ஓவியர்களைக் கூட்டிக் குடியேறியபோது வைத்த பெயர் ‘சோழமண்டல ஓவியர் கிராமம்’. காலனி என்று வைக்கவில்லை. பாத்திக் துணியும் கைவினைப் பொருளும் செய்து விற்று நிலம் வாங்கியவர்களுக்குக் கிராமம் என்ற பெயர் பொருந்தியது. கொடுத்தவர் என்று யாரும் இல்லாததால் யார் பெயரையும் வாசலில் எழுத வேண்டியிருக்கவில்லை.

ஒற்றன்

கலைஞரும் ரெசிடென்ஸும் ஒரே தொடரில் கைகோத்தது இருபதாம் நூற்றாண்டின் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில். 1936-இல் ஜான் ஸ்டூவர்ட் கரி என்ற ஓவியரை விஸ்கான்சின் பல்கலைக்கழகம் ‘உறையும் கலைஞர்’ என்ற பதவியில் அமர்த்தியது. எந்தத் துறையில் தெரியுமா? வேளாண் கல்லூரியில். பாடம் நடத்த வேண்டாம். விவசாயிகள் நடுவே இருந்து வரைந்தால் போதும். உழுவதிலிருந்து பிறந்த ‘காலனி’யை விட்டு வந்த கலைஞருக்கு, உழவைப் படிக்கும் இடத்திலேயே புதிய பெயர் கிடைத்தது!

இந்தப் பழக்கம் எல்லை கடந்தது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு. அமெரிக்காவின் அயோவாவில் எழுத்தாளர்கள் பால் எங்கிளும் ஹுவாலிங் நியேயும் 1967-இல் சர்வதேச எழுத்துத் திட்டத்தைத் தொடங்கினார்கள். சோளக் காடுகள் சூழ்ந்த ஒரு பல்கலைக்கழக ஊருக்கு உலகத்து எழுத்தாளர்கள் வந்து சில மாதங்கள் தங்கினார்கள். 1973-இல் சென்னையிலிருந்து அசோகமித்திரன் போனார். அந்த நாட்களை வைத்து அவர் பின்னர் எழுதிய நாவலின் பெயர் ‘ஒற்றன்!’

வெளிநாட்டுக்கு அழைக்கப்பட்டுப் போன ஓர் எழுத்தாளர் அந்த அனுபவத்துக்கு ‘விருந்தினன்’ என்று பெயர் வைத்திருக்கலாம். ‘பயணி’ என்று வைத்திருக்கலாம். ஒற்றன் என்று வைத்தார். நான் அந்தத் தலைப்பின் கீழே போல்காட்டி மாளிகையைப் பார்க்கிறேன். பிறர் ஊரில் உட்கார்ந்து, கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு, தன் ஊருக்கு எழுதுகிறவர் யார்? கம்பெனிக் காலத்தில் அவருக்குப் பெயர் ரெசிடென்ட். வித்தியாசம் கொடியில் இருக்கிறது. துரை எழுதிய கடிதத்துக்குப் பின்னால் பட்டாளம் இருந்தது. தமிழ் எழுத்தாளரின் பின்னால் இருந்ததெல்லாம் குளிருக்குப் பழகாத உடம்பும், சாப்பாட்டுக் கவலையும், ஒரு டைப்ரைட்டரும். ‘ரெசிடென்ட்’ என்ற சொல்லில் இருந்த அதிகாரத்தை வடித்துவிட்டு, பார்வையை மட்டும் மிச்சம் வைத்தால் அதற்குத் தமிழ் ஒற்றன்தான்.

நின்றவரும் படுத்தவரும்

இனி நம் பக்கத்துச் சொற்கள். சிற்பிகளும் ஓவியர்களும் ஓரிடத்தில் கூடிப் பத்துநாள் தங்கி வேலை செய்தால் நாம் ‘ஓவிய முகாம்’ என்கிறோம். ‘முகாம்’ அரபுச் சொல்; மூலம் ‘மகாம்’. எழுந்து நிற்பதைக் குறிக்கும் வேரிலிருந்து வந்தது: நிற்கும் இடம். அரபு இசையில் நம் ராகத்தை ஒத்த அமைப்புக்கும் அதே பெயர். லத்தீன்காரன் உட்கார்ந்தான், அரபுக்காரன் நின்றான். கலெக்டர் முகாம், கண் சிகிச்சை முகாம் என்று சொல்லும்போது நின்றுவிட்டுப் போகிற அந்தத் தற்காலிகம் சொல்லிலேயே இருக்கிறது.

ஆனால் 1983-க்குப் பிறகு ராமேசுவரம் கரையில் வந்திறங்கிய ஈழத்தமிழர்கள் தங்கவைக்கப்பட்ட இடத்துக்கும் அதே சொல்தான். 2021-இல் ‘அகதிகள் முகாம்’ என்பதை ‘மறுவாழ்வு முகாம்’ என்று அரசு மாற்றியது. அகதி போனது, முகாம் இருக்கிறது. அங்கேயே பிறந்து, அங்கேயே கல்யாணம் கட்டி, பேரன் எடுத்தவர்கள் இருக்கும் இடத்துக்கு நிற்கும் இடம் என்று பெயர். மூன்று மாதத்துக்கு அழைக்கப்பட்ட ஓவியருக்கு மட்டும் ‘ரெசிடென்ட்’, குடியிருப்பவர் என்று பெயர்! அந்தக் கும்பகோணத்துப் பெண்ணின் விசாவைப் பார்த்தாலும் அவள் குறுகியகாலத்துக்கு வந்துபோகிறவள்தான். தொண்ணூறு நாளுக்கு மேல் கிடையாது. இந்திய வருமானவரிச் சட்டத்தின் 182 நாள் கணக்குப்படி அவள் இந்த நாட்டில் வசிப்பவள். சட்டத்தின் கண்ணில் அவள் ஜெர்மனியில் குடியிருப்பவளே அல்ல. அழைத்தவர் கடிதத்தில் மட்டும் குடியிருக்கிறாள். புலம்பெயர்ந்த ஈழத்தமிழர் ‘நிரந்தர வதிவிட உரிமை’ என்றும், சிங்கப்பூர்த் தமிழர் ‘நிரந்தரவாசி’ என்றும் எழுதும் சொற்களுக்காக எத்தனை பேர் எத்தனை ஆண்டு வரிசையில் நிற்கிறார்கள் என்பதை நினைத்தால், ரெசிடென்சி என்ற சொல்லை வாயில் போட்டுக்கொள்ளும்போது கொஞ்சம் கூச்சம் வருகிறது.

உட்கார்ந்தாயிற்று, நின்றாயிற்று. படுத்தவர்? மதுரையைச் சுற்றிய குன்றுகளில் சமணத் துறவிகள் தங்கிய குகைகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பாறையை வழவழப்பாகச் செதுக்கிய படுக்கைகள். தலைமாட்டில் தலையணைபோல ஒரு மேடு. மழைத்தண்ணீர் உள்ளே வழியாமல் நெற்றிப் பாறையில் வெட்டிய காடி. அங்குள்ள தமிழி என்ற பழைய எழுத்துகளில் அந்த இடத்துக்குப் பெயர் ‘பளி’. படுக்குமிடம். அதுதான் ‘பள்ளி’யானது. படுக்கை துறவியின் உறைவிடமாகி, உறைவிடம் பாடம் சொல்லும் இடமாகி, இன்று எட்டுமணிக்குப் பிள்ளைகள் பையோடு ஓடும் இடமாகிவிட்டது. படுப்பதிலிருந்து பிறந்த சொல்லில் உட்காரக்கூட நேரம் இல்லை.

காலனியில் உழவும் பென்ஷனில் தராசும் இருக்கின்றன. மற்றபடி கவனித்தால், இந்தப் பெயர்களில் ஒன்றாவது வேலையைச் சொல்கிறதா? உட்கார், நில், படு. ‘பட்டறை’ என்ற சொல்லில்தான் சுத்தியல் சத்தம் கேட்கிறது. படைப்பவர் தங்கும் இடத்துக்கு ஊர்கள் தேடித் தேடி வைத்த பெயர்களில் பெரும்பாலானவை உடம்பை ஓரிடத்தில் வைப்பதைச் சொல்பவை. வேலை அதற்குப் பிறகு தானாக நடக்கும் என்ற நம்பிக்கை பல மொழிகளுக்கும் இருந்திருக்கிறது.

உறை

கரூர் மாவட்டத்துப் புகழூரில் ஆறுநாட்டார் மலை. அங்கும் அப்படி ஒரு குகை, அங்கும் கல்வெட்டு. ஏறத்தாழ 1,800 ஆண்டுப் பழமை. மூன்று தலைமுறைச் சேரர்களின் பெயர்களை வரிசையாகச் சொல்வதால் வரலாற்றாசிரியர்களுக்கு அது பெரிய புதையல். கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன் அதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். எனக்கு அதில் ஒரு சொல் போதும்: ‘உறைய்’. யாற்றூரைச் சேர்ந்த செங்காயபன் என்ற மூத்த சமணத் துறவியின் உறை அது. இளங்கடுங்கோ என்ற சேரன் இளங்கோவாக, அதாவது இளவரசனாக, ஆனபோது வெட்டிக் கொடுத்த கல்.

ஒரு ரெசிடென்சியின் பெயர்ப்பலகைக்கு வேண்டிய எல்லாம் அதில் உண்டு. தங்கியவர், அவரது சொந்த ஊர், கொடுத்தவர், கொடுத்த சந்தர்ப்பம். வரிசைதான் வித்தியாசம். ரோமில் மாளிகைக்கு மெடிச்சி என்று பெயர், பீட்டர்பரோவில் மெக்டவல், தங்கியவர் பெயர் உள்ளே ஒரு மரப்பலகையில், கல்லறைக் கல் என்ற கிண்டலோடு. புகழூரில் முதலில் விருந்தாளியின் பெயர். அவரது ஊர். அவரது உறை. அதற்குப் பிறகுதான் பாட்டன், தந்தை, மகன் என்று சேரர் வருகிறார்கள். தானம் கொடுத்தவன் தன்னைப் பின்னால் நிறுத்திக்கொண்டான்.

இந்த ‘உறை’ பழைய சொல் மட்டும் இல்லை, உயிரோடு உள்ள சொல். சோழர் தலைநகர் உறையூரில் இருக்கிறது. அரசு நடத்தும் உறைவிடப் பள்ளியில் இருக்கிறது. அதற்கு இன்னொரு பொருளும் உண்டு. அதைக் கும்பகோணத்து வீட்டில் பார்த்தேன்.

பெண் ஊருக்குக் கிளம்புவதற்கு முந்திய நாள் மாலை போயிருந்தேன். அம்மா அடுப்படியில் நின்று, காய்ச்சி ஆறவைத்த பாலில் விரலை வைத்துச் சூடு பார்த்தார். ஒரு கரண்டி மோரை விட்டு, ஒரே கலக்கு. எவர்சில்வர் தூக்கை மூடி மேடையின் மூலையில் வைத்தார். “உறை ஊத்திருக்கேன், யாரும் ஆட்டிப்புடாதீங்க” என்று கூடத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தார். தங்குவதும் உறைவதே, பால் தயிராவதும் உறைவதே. அகராதி இரண்டுக்கும் தனித்தனி எண் போட்டுக்கொள்ளட்டும். வாய்க்கு ஒரே சொல். இளஞ்சூடு, வேறிடத்திலிருந்து வந்த ஒரு கரண்டி புளிப்பு, ஓர் இரவு ஆட்டாமல் விடுவது. அங்கே யாரும் வேலை செய்வதாகத் தெரியாது. காலையில் பால் இருக்காது.

இடத்தைச் சொல்ல ‘உறைவிடம்’ இருக்கிறது. அங்கே கழியும் அந்த மூன்று மாதத்தை ‘உறைவு’ என்று சொன்னால் என்ன என்று எனக்குத் தோன்றியது. கடிதத்தின் தமிழ்ப் படியில் அப்படியே எழுதியும் கொடுத்தேன். பெண் படித்துவிட்டு, நல்லாத்தான் இருக்கு என்றாள்.

ஒரு வாரம் கழித்து அந்தப் பக்கம் போனபோது அம்மா வாசலில் எதிர்வீட்டுக்காரரோடு பேசிக்கொண்டிருந்தார். மகள் வெளிநாட்டுக்கு என்ன விஷயமாகப் போயிருக்கிறாள் என்று அவர் கேட்டிருக்க வேண்டும். உறைவும் இல்லை, ரெசிடென்சியும் இல்லை. “வேலைக்கெல்லாம் இல்ல. மூணு மாசம் இருந்துட்டு வரக் கூப்புட்டாங்க, போயிருக்கா” என்றார் அம்மா.